தலையும் உடலும் உள்ள பக்கம்!

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் இணையப் பக்கத்துக்கும் தலை உண்டு, உடல் உண்டு!

அந்தப் பக்கத்தை எழுதும் முறையின் பெயர் "எச்.டி.எம்.எல்." இங்கிலாந்து விஞ்ஞானி டிம் பெர்னர்ஸ்-லீ, 1990-ம் ஆண்டில் ஜெனீவா அருகே "செர்ன்" ஆராய்ச்சிக் கூடத்தில் இதை உருவாக்கினார்.

"ஹெட்" என்பது தலை. பக்கத்தின் பெயரும், "யு.டி.எப்.-8" என்ற எழுத்துக் குறிப்பும் இதில் இருக்கும். அந்தக் குறிப்பை விட்டுவிட்டால், தமிழ் எழுத்து புரியாத கிறுக்கலாக மாறிவிடக்கூடும்!

"பாடி" என்பது உடல். கண்ணில் படும் தலைப்பு, பத்தி, படம் எல்லாம் இதற்குள் அடங்கும்.

கதவை மூடு!

திறந்த கதவை மூடவேண்டும் அல்லவா? அதுபோல, தலைப்பைத் தொடங்க ஒரு குறி. முடிக்க ஒரு குறி.

கற்றுக்கொடுப்பவர், அந்த முடிவுக் குறியை மட்டும் அழித்துக் காட்டட்டும். கீழே உள்ள பத்தியும் பெரிய எழுத்தாகிவிடும்!

கண்ணால் கண்டதை மாணவன் மறக்கமாட்டான்.