உங்கள் வீரனுக்கு எந்த ஊர்?

"தம்பிக்கு எந்த ஊர்?"

ரெயிலில் பக்கத்தில் உட்காருகிறவர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். சிலர் கேட்கக்கூட மாட்டார்கள். நாம் நாலு வார்த்தை பேசியதும், "ராமநாதபுரம் பக்கமா?" என்று கண்டுபிடித்து விடுவார்கள்.

ஊரும் பேச்சும் மனிதனை விட்டுப் போவதில்லை. சரி, கற்பனையில் பிறந்த மனிதனுக்கு எது ஊர்? அவன் என்ன மொழி பேசுவான்?

இந்தக் கேள்வியை உலகம் முழுவதும் இளைஞர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணம் ஒரு விளையாட்டு.

பகடை உண்டு, பணம் இல்லை

விளையாட்டின் பெயர் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்". "நிலவறைகளும் நெருப்பு நாகங்களும்" என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 1974-ம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள்.

நாலைந்து பேர் கூடுவார்கள். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக மாறி விடுவார்கள். ஒருவன் வீரன். ஒருத்தி மந்திரக்காரி. ஒருவன் திருடன்.

"காட்டில் பாலம் உடைந்து கிடக்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று கதை சொல்கிறவர் கேட்பார்.

"தாண்டிக் குதிக்கிறேன்" என்பான் வீரன்.

தாண்டினானா, விழுந்தானா? அதைப் பகடை சொல்லும். 6 முகப் பகடை மட்டும் அல்ல. 20 முகப் பகடையும் உண்டு.

பகடை என்றதும் பெற்றோர் பயப்பட வேண்டாம். இதில் பணம் வைத்து ஆடுவது இல்லை. வென்றவர், தோற்றவர் என்றும் இல்லை. கதைதான் முக்கியம்.

நல்லவர் மொழி, கெட்டவர் மொழி

ஆரம்பத்தில் இந்த விளையாட்டில் ஒரு வேடிக்கையான விதி இருந்தது. எல்லோருக்கும் ஒரு பொது மொழி உண்டு. அது போக, ஒழுங்கை நாடுகிறவர்களுக்கு ஒரு மொழி. குழப்பத்தை நாடுகிறவர்களுக்கு ஒரு மொழி. நடுவில் நிற்கிறவர்களுக்கும் ஒரு மொழி!

குணத்துக்கு ஒரு மொழி என்பது நம் காதுக்கு விநோதமாக இருக்கிறது. ஆனால் நாமும் இதற்கு அந்நியர் அல்ல. பழைய வடமொழி நாடகங்களில் அரசன் சமஸ்கிருதம் பேசுவான். பெண்களும் வேலைக்காரர்களும் பெரும்பாலும் பிராகிருதம் பேசுவார்கள். வாயைத் திறந்ததும் அந்தஸ்து தெரிந்து விடும்.

நம் சினிமாவில் என்ன நடந்தது? ஊர்ப் பேச்சு பேசுகிறவர் வந்தாலே சிரிக்க வேண்டும் என்று எத்தனையோ படங்கள் நம்மைப் பழக்கி விட்டன. கதாநாயகனுக்கு ஒரு தமிழ், அவன் வேலையாளுக்கு வேறு தமிழ்!

ஒரு ராஜா இதை மாற்றிக் காட்டினார். அவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சாகஜி. 1684-ம் ஆண்டில் பட்டத்துக்கு வந்தவர். "பஞ்ச பாஷா விலாசம்" என்ற நாடகம் அவர் பெயரில் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி, சமஸ்கிருதம் என்று 5 மொழிகள் அதில் பேசப்படுகின்றன. பல நாட்டு இளவரசிகள் கண்ணனை விரும்புகிறார்கள். ஒவ்வொருத்தியும் தன் நாட்டு மொழியிலேயே பேசுகிறாள். எவள் பேச்சும் கேலிக்கு உரியது அல்ல. எல்லோரும் இளவரசிகள்தான்!

சங்கு போன இடம்

விளையாட்டும் பிறகு திருந்தியது. 2022-ம் ஆண்டில் "ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்" என்ற புத்தகம் வந்தது. அதில் 13 கதைகள். வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்கள், தங்கள் முன்னோர்களின் நாடுகளையும் பண்பாடுகளையும் மனதில் வைத்து எழுதியவை.

அதை முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர் அஜித் ஜார்ஜ். இந்திய வம்சாவளியினர். தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் சாந்தி பவன் பள்ளிக்காகவும் பணி செய்தவர்.

அதில் ஒரு கதையை எழுதியவர் கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல். வங்காளத்தை நினைத்து அவர் படைத்த நாட்டின் பெயர் "சங்கபூமி". சங்கு நாடு!

ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இந்தப் பெயர் இனிக்கும். மன்னார் வளைகுடாவில் நம்மவர்கள் மூழ்கி எடுத்த சங்குகள் மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குத்தான் போயின. அங்கே அவற்றை அறுத்து வளையல் செய்தார்கள். வங்காளத்துப் பெண்களின் கையில் இருந்தது நம் கடற்கரைச் சங்கு.

வங்காளத்துக்கு ஒரு கற்பனை நாடு கிடைத்து விட்டது. சங்கு எடுத்த கரைக்கு?

உத்தரகோசமங்கையில் நாலு பேர்

நாமே ஒன்று செய்து பார்க்கலாம்.

இடம் உத்தரகோசமங்கை. ராமநாதபுரத்துக்குத் தென்மேற்கே உள்ள பழைய ஊர். மாணிக்கவாசகர் பாடிய தலம். அங்கே மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டிச் சந்தனத்தைக் களைவார்கள். அன்றைக்கு எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வரும்.

காலம், 1964-ம் ஆண்டுப் புயலுக்கு முன். அப்போது தனுஷ்கோடி அழியவில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பல் வந்து கொண்டிருந்தது.

திருவாதிரைக்கு முதல் நாள் இரவு. சத்திரத்துத் திண்ணையில் நாலு பேர்.

ஒருத்தி, கோவிலுக்குத் தாழம்பூ கொண்டு வரும் பெண். சிவன் கோவில்களில் தாழம்பூ ஆகாது என்பார்கள். இந்த ஊரில் அது உண்டு. அவளுக்கு அதில் பெருமை.

இரண்டாவது ஆள் பாம்பன் மீனவர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு நாலு பெயர் சொல்லுவார். நமக்கு அது வெறும் காற்று. அவருக்கு வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு.

மூன்றாவது ஆள் கீழக்கரை இளைஞன். அப்பாவை "வாப்பா" என்பான். அம்மாவை "உம்மா" என்பான். தமிழை அரபு எழுத்தில் எழுதிய பழைய ஏடுகளை வீட்டுப் பெரியவர்களிடம் படிக்கக் கற்றவன்.

நாலாவது ஆள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெரியவர். எதைக் கேட்டாலும் "ஓம்" என்கிறார். "எவ்வளவு பக்தி!" என்று வியக்கிறாள் தாழம்பூப் பெண். பிறகுதான் தெரிகிறது, அவர் ஊரில் "ஓம்" என்றால் "ஆமாம்"!

நள்ளிரவில் கடல் பக்கம் பச்சை வெளிச்சம் தெரிகிறது. நாலு பேரும் புறப்படுகிறார்கள்.

காற்று திரும்புவதை மீனவர் சொல்லாவிட்டால் படகு கவிழும். பாறையில் செதுக்கிய அரபு எழுத்தைக் கீழக்கரைப் பையன் படிக்காவிட்டால் வழி கிடைக்காது. அந்த எழுத்துக்குள் இருப்பது தமிழ்ச் சொல். அதில் ஒன்று யாழ்ப்பாணத்துப் பெரியவருக்கு மட்டுமே தெரியும். தாழம்புதரின் முள்ளுக்குள் வழி கண்டு கூட்டிப் போக அந்தப் பெண் வேண்டும்.

ஒருவர் பேச்சு இல்லாவிட்டாலும் கதை அங்கேயே நின்று விடும். பகடைக்குப் பிறகு வேலை!

மூன்று யோசனைகள்

வீட்டில் பிள்ளைகளோடு விளையாட விரும்புகிறவர்களுக்கு மூன்று யோசனைகள்.

ஒன்று: ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகாது. பாம்பனில் பிறந்தவர் எல்லோரும் மீன் பிடிப்பதில்லை. கீழக்கரையில் பிறந்தவர் எல்லோரும் வியாபாரிகள் அல்ல. ஊர் தொடக்கம்தான். குணத்தை நீங்கள் கொடுக்க வேண்டும்.

இரண்டு: பேச்சைப் பழித்துக் காட்டாதீர்கள். குரலை மாற்றிக் கோமாளித்தனம் செய்ய வேண்டியதில்லை. உண்மையான இரண்டு சொல் போதும்.

மூன்று: தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். அதற்குப் புத்தகக் கடைக்குப் போக வேண்டாம். பாட்டியிடம் கேட்டால் போதும்.

இந்த மூன்றாவது யோசனைதான் அவசரமானது. காற்றுக்கு நாலு பெயர் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களும் அப்படித்தான். பள்ளிக்கூடப் பாடத்தில் வராத சொல், வீட்டிலும் வராவிட்டால் எங்கே போய் ஒளியும்?

இன்று சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். "உன் வீரனுக்கு எந்த ஊர்?" என்று கேளுங்கள்.

அவர்கள் ஏதோ அயல்நாட்டுக் கோட்டையின் பெயரைச் சொல்லலாம். சொல்லட்டும். அடுத்து, "அவன் பாட்டிக்கு எந்த ஊர்?" என்று கேளுங்கள். உங்கள் ஊர்ப் பெயர் வந்தாலும் வரும்!