முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கடிகாரம்

செசார் டி ட்ரே முதலில் பணம் பார்த்தது தங்கப் பற்களில். அந்த வியாபாரத்துக்குப் பிறகுதான் இந்த சுவிஸ்காரர் கைக்கடிகாரங்களின் பக்கம் வந்தார். 1930-31 குளிர்காலத்தில் அவர் இந்தியாவில் இருந்தபோது, போலோ ஆடி முடித்த பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர், கண்ணாடி நொறுங்கிய தன் கடிகாரத்தைக் காட்டினாராம். ஆட்டத்தில் அடிபட்டாலும் உடையாத ஒன்றைச் செய்து தர முடியுமா என்றும் கேட்டாராம். பின்னாளில் ஜேஜர்-லெகூல்ட் என்று பெயர் பெற்ற கடிகார நிறுவனம் பல காலமாகச் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதை இது. கொஞ்சம் அதிகமாகவே பளபளக்கிறது. ஆனால் அடுத்து நடந்ததற்குக் காகிதச் சாட்சி இருக்கிறது. 1931 மார்ச் 4 அன்று பாரிஸில் ரெனே-ஆல்ஃபிரெட் ஷோவோ என்ற பொறியாளர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தன் தாங்கிக்குள்ளேயே நகர்ந்து, முழுதாகப் புரண்டு படுக்கும் கைக்கடிகாரத்துக்கான காப்புரிமை அது.

அதுதான் ரிவர்ஸோ.

வேலை செய்யும் விதம் எளிது. செவ்வக கேஸ் ஒரு தட்டின் மேல் அமர்ந்திருக்கும். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் காடியில் நகரும். அப்படியே புரட்டி மறுபடி தள்ளினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். கண்ணாடியும் முட்களும் மணிக்கட்டுப் பக்கம் ஒளிந்துகொள்ள, வெளியே தெரிவது உலோக முதுகு மட்டும். பந்தோ மட்டையோ வந்து பட்டால் அதன் மேல்தான் படும்.

இதைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றவர் ஜாக்-டேவிட் லெகூல்ட். அவருடைய தாத்தா அந்த்வான் லெகூல்ட், ஸ்விட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கிலுள்ள லெ சாந்தியே என்ற ஊரில் 1833-இல் பட்டறை தொடங்கியவர். நீண்ட பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாத குடியானவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கடிகார உதிரிகள் செய்த பகுதி அது. அந்த்வான் 1844-இல் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்து அளக்கும் கருவியைச் செய்தார். பேரன் காலத்தில், பாரிஸ் கடிகாரக்காரர் எட்மண்ட் ஜேஜர் விடுத்த சவாலை ஏற்று, 1907-இல் 1.38 மில்லிமீட்டர் தடிமனே உள்ள இயந்திரம் ஒன்று இங்கிருந்து வந்தது. படேக் பிலிப் போன்ற பெரிய பெயர்களுக்கே இயந்திரம் செய்து கொடுத்த வீடு இது.

வேடிக்கை என்னவென்றால், அப்பேர்ப்பட்ட வீட்டிடம் ரிவர்ஸோவின் செவ்வக வயிற்றுக்குள் பொருந்தும் இயந்திரம் அப்போது இல்லை. முதல் ரிவர்ஸோக்கள் தவான் என்ற வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரத்தோடுதான் ஓடின. சொந்த இயந்திரம் வந்தது 1933-இல். ஜேஜர்-லெகூல்ட் என்ற இணைந்த பெயர் 1937-இல்தான் உறுதியானது. விளம்பரங்கள் பாரம்பரியம் என்று ஒரே நேர்கோடாக வரைவதில் இத்தனை இரவல்கள் இருந்தன.

அடி வாங்கப் படைக்கப்பட்ட முதுகு சீக்கிரமே வேறு வேலைக்குப் போனது. வாங்கியவர்கள் அதில் பெயரின் முதலெழுத்துகளையும் குடும்பச் சின்னங்களையும் பொறித்துக்கொண்டார்கள். ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தரின் ரிவர்ஸோவிலும் அவருடைய எழுத்துகள் இருக்கின்றன. 1930-களிலேயே ஓர் இந்திய அழகியின் உருவத்தை எனாமலில் தீட்டிய ரிவர்ஸோவும் உருவானது. போலோ மைதானத்துப் பக்கமே போகாதவர்களும் இதை விரும்பியதற்கு இந்த வெற்று முதுகுதான் காரணம் என்று தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வட்டக் கடிகாரங்களின் காலம். ரிவர்ஸோ தயாரிப்பு நின்றுபோனது. 1972-இல் இத்தாலிய விநியோகஸ்தர் ஜோர்ஜோ கோர்வோ லெ சாந்தியேவுக்குப் போனபோது, யாரும் சீந்தாமல் கிடந்த 200 கேஸ்களைப் பார்த்தார். அத்தனையையும் வாங்கி, இயந்திரம் பொருத்தி இத்தாலியில் விற்பனைக்கு வைத்தார். ஒரே மாதத்தில் தீர்ந்தன. குவார்ட்ஸ் கடிகாரங்கள் சுவிஸ் பட்டறைகளைக் கலங்கடித்துக்கொண்டிருந்த காலத்தில், தயாரித்தவர்களே கைவிட்ட பொருளுக்கு மறுவாழ்வு கொடுத்தவர் ஒரு விற்பனைக்காரர்.

1985-இல் கேஸ் புதிதாக வடிவமைக்கப்பட்டது. பழைய கேஸில் 23 பாகங்கள், புதியதில் 55. இம்முறை தண்ணீர் புகாமலும் பார்த்துக்கொண்டார்கள். 1994-இல் வந்த டுவோஃபேஸ் மாடலில் முதுகுக்கும் ஒரு டயல் கிடைத்தது. ஒரே இயந்திரம் முன்பக்கம் உள்ளூர் நேரத்தையும் பின்பக்கம் இன்னொரு நாட்டின் நேரத்தையும் காட்டியது. 2021-இல் வந்த ஒரு மாடலில் தாங்கியின் இரு பக்கங்களும் சேர்ந்து மொத்தம் நான்கு முகங்கள். செய்தது பத்தே பத்து.