பாரமான அணுவும் இலத்திரனின் சுழற்சியும்

இலங்கைச் சுரங்கங்களில் நெடுங்காலமாக அகழப்பட்டுவரும் பென்சிற்கரியில் காபன் அணுக்கள் தட்டையான படைகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டுள்ளன. பிசுமது என்னும் பாரமான மூலகத்திலும் அணுக்கள் படைகளாகவே அமைந்துள்ளன. ஆயின் அப்படைகள் நெளிவுடையன. இவையிரண்டும் அரையுலோகங்கள் எனப்படும். இவற்றின் ஒற்றுமையையும், அதனுள் மறைந்துள்ள வேற்றுமையையும் இங்கு ஆராய்வோம்.

திண்மப் பொருளொன்றில் இலத்திரன்களின் சத்திகள் பட்டைகளாகத் தொகுந்துள்ளன. நிரம்பிய பட்டையை நீர் நிறைந்த குளமாகவும், வெறுமையான பட்டையை வற்றிய குளமாகவும் கொள்வோம். முதற்குளத்தின் நீர்மட்டம் மற்றதன் அடித்தளத்தைவிடச் சற்றே உயர்ந்திருப்பின் சிறிதளவு நீர் அதனுட் பாயும். அவ்வாறே அரையுலோகத்திலும் மிகச் சில இலத்திரன்களே வெறும் பட்டையினுட் சேர்கின்றன. பென்சிற்கரியில் ஏறக்குறையப் பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்று; பிசுமதில் ஏறக்குறைய ஓரிலட்சம் அணுக்களுக்கு ஒன்று. இரண்டிலும் பட்டைகள் ஒன்றன்மேலொன்று படியும் அளவு ஏறத்தாழ 0.04 இலத்திரன்வோற்றே.

இனி வேற்றுமைக்கு வருவோம். இலத்திரனுக்குத் தற்சுழற்சி என்னும் இயல்பு உண்டென 1925இல் ஒல்லாந்தின் லைடன் நகரில் ஊலன்பெக், கௌட்ஸ்மிற் என்னும் இளைஞர் இருவர் கூறினர். அவ்வியல்பினால் ஒவ்வோர் இலத்திரனும் ஒரு சிறு காந்தமாகும். இலத்திரன் கருவைச் சுற்றுகின்றது. இலத்திரனின் நிலையிலிருந்து நோக்கினாலோ, கருவே அதனைச் சுற்றுவதாகத் தோன்றும். ஏற்றமுடைய கரு சுற்றுவது மின்னோட்டத்துக்கு ஒப்பாகும். மின்னோட்டம் காந்தப்புலத்தைத் தோற்றுவிக்கும். அப்புலத்திற் சிறு காந்தம் நோக்கும் திசைக்கேற்ப இலத்திரனின் சத்தி மாறும். இதுவே சுழற்சி–ஒழுக்கு இடைத்தாக்கம்.

கருவின் ஏற்றம் மிகுந்தால் இத்தாக்கமும் மிகும். காபனின் அணுவெண் 6. பிசுமதின் அணுவெண் 83. ஆகவே, பென்சிற்கரியில் இத்தாக்கம் பட்டைகள் படியும் அளவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே, அதைப் புறக்கணிக்கலாம். பிசுமதிலோ அது ஏறக்குறைய 1.5 இலத்திரன்வோற்று, பட்டைகள் படியும் அளவைப்போல் முப்பது மடங்கிற்கும் அதிகம். குளங்களின் மட்டத்தையே மாற்றவல்ல இத்தாக்கத்தை விடுத்துப் பிசுமதை விளக்க முயல்வது வீண்.

பிசுமதின் அணுக்களிற் பத்திலொரு பங்குக்கு அந்திமனியை இட்டால், பட்டைகள் விலகி இடையே வெளி தோன்றும். உள்ளே மின்னைக் கடத்தாத அக்கலப்புலோகத்தின் மேற்பரப்பு மட்டும் கடத்தும் என 2007இற் கணித்துக் கூறப்பட்டது. அம்மேற்பரப்பு இலத்திரன்களைப் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இற் பரிசோதனையாற் கண்டனர். அங்கே இலத்திரனின் சுழற்சித்திசை அது செல்லும் திசையுடன் பிணைந்துள்ளது. சுழற்சியைத் தலைகீழாக்காமல் அது வந்த வழியே திரும்ப இயலாது. ஆதலாற் காந்தத்தன்மையற்ற மாசுகள் அதனை நேரே திருப்பியனுப்ப மாட்டா. பென்சிற்கரியில் எண்ணத் தகாத சிறு தாக்கம், பாரமான பிசுமதில் இலத்திரனின் பாதைக்கே காவலாகிவிடுகின்றது.