முட்டிக்குப் போய்ச் சேராத மாத்திரை

காவலர் தேர்வுக்குத் தயாராகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். முட்டி வலி வராமலிருக்க கொலாஜன் பவுடரும் குளுக்கோசமைன் மாத்திரையும் எடுக்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?”

வேண்டாம் தம்பி. காசு வீண்.

குளுக்கோசமைனை 1876இல் ஜெர்மானியரான கியோர்க் லெடர்ஹோஸ் கண்டுபிடித்தார். அது மூட்டு மாத்திரையானது வெகுகாலம் கழித்துத்தான். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முட்டித் தேய்மானம் உள்ள 1,583 பேர் கலந்துகொண்டார்கள். வெற்று மாத்திரை விழுங்கியவர்களிலேயே 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. குளுக்கோசமைன் விழுங்கியவர்களில் 64. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் இது.

சரி, கொலாஜன் பவுடர்? அதற்கு விடை அணுகுண்டில் இருக்கிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரு மடங்கானது. அத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. அந்தக் கார்பன் பயிரில் ஏறி, சோற்றில் கலந்து, நம் உடம்புக்கும் வந்தது. ஆகவே, ஒரு திசுவின் கார்பன்-14 அளவே அது எப்போது உருவானது என்று சொல்லிவிடும். 2016இல் டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பை இப்படிச் சோதித்தார்கள். வயதானவர்களிடமும் இருந்தது வளரும் பருவத்தில் உருவான அதே கொலாஜன்தான்! பிறகு புதிதாக அநேகமாக எதுவும் சேரவில்லை. தேய்ந்த மூட்டிலும் அப்படியே.

குருத்தெலும்பில் கொலாஜன் என்பது கான்கிரீட் தூணுக்குள் இருக்கும் கம்பி மாதிரி. தூண் இறுகிய பிறகு வாசலில் ஒரு லோடு கம்பி இறக்கினால் உள்ளே போகுமா? இங்கே லாரி வரத் தெருவும் கிடையாது. குருத்தெலும்பில் ரத்தக்குழாயே இல்லை. வரும் கம்பியையும் குடல் வழியிலேயே பொடிப்பொடியாக நறுக்கிவிடுகிறது. கம்பிகளுக்கிடையே நீரைப் பிடித்துவைக்கும் பொருள் மட்டும் மெல்லப் புதுப்பிக்கப்படுகிறது. அது பூச்சு வேலை. பழைய தூண்மேல் ஒரே வாரத்தில் மாடி எழுப்பக் கூடாது என்பதே இதில் நமக்குப் பாடம்.

ஓடும் இளைஞர்களுக்கு வருவது பெரும்பாலும் தேய்மான வலியல்ல. முட்டிச் சில்லைச் சுற்றி வரும் வலி. படி இறங்கும்போதும் குந்தி உட்காரும்போதும் தெரியும். ஓடும் தூரத்தைத் திடீரென்று கூட்டுவது முக்கியக் காரணம். தொடை, இடுப்புத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி இதைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முட்டி வீங்கினாலோ மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலோ மருத்துவரிடம் போங்கள். பவுடருக்கு எடுத்துவைத்த காசில் முட்டையும் பயறும் வாங்குங்கள். ஓடும் தசைக்கு அது உதவும்.