விமர்சனத்தைப் படித்து ஸ்பீக்கர் வாங்குவது

என் மச்சான் தோஹாவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். போன மாதம் வீட்டுக்கு வந்தவர் போனை நீட்டினார். அதில் பத்துப் பன்னிரண்டு விமர்சனங்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், டிஜிட்டல் பாட்டை அனலாக்காக மாற்றும் ஒரு பெட்டி. மொத்தம் நாலு லட்ச ரூபாய். "எல்லாருமே நல்லா இருக்குன்னுதான் எழுதியிருக்காங்க மாப்ள. ஆர்டர் போட்டுடவா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க மச்சான்" என்றேன். காரணம், நான் ஏற்கெனவே ஒருமுறை சூடு பட்டவன்.

எட்டு வருஷம் முன்னால் இதே மாதிரி விமர்சனங்களை மட்டும் படித்துவிட்டு, காதால் கேட்காமலே, 1,35,000 ரூபாய்க்கு ஆளுயர ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். 'இந்த விலைக்கு இப்படி ஒரு பேஸ் கிடைப்பது ஆச்சரியம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். பேஸ் உண்மையிலேயே ஆச்சரியமாகத்தான் இருந்தது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் நடந்து போகும்போது ஒரு சுரம் மட்டும் 'கும்'மென்று அறையை நிறைக்கும், பக்கத்துச் சுரம் காணாமல் போகும். ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று விற்றவரிடம் சண்டை போட்டேன். கோளாறே இல்லை என்று அவர் சாதித்தார். அவர் சொன்னது சரிதான் என்று புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

கோளாறு என் அறையில். கிளிஞ்சல்மேட்டில் எங்கள் வீட்டு அறை 10 அடிக்கு 10 அடி, உயரமும் கிட்டத்தட்ட 10 அடி. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவருக்கு நடுவில் ஒலி அலை போய்த் திரும்பும்போது, அலைநீளத்தில் பாதி அந்த இடைவெளிக்குச் சமமாக இருந்தால் அது நின்று அதிரும். 10 அடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸ். அறை செவ்வகமாக இருந்தால் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று மூன்று வேறு வேறு இடங்களில் அதிர்வு விழும். என் அறை கனசதுரம். மூன்றும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. பேஸ் கிட்டாரின் 'ஏ' தந்தியைச் சும்மா மீட்டினாலே 55 ஹெர்ட்ஸ்! பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் என் வீட்டு ஜன்னல் கம்பி பதில் சொன்னது.

விமர்சனம் எழுதியவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர், கீழே கம்பளம். அந்தச் சுவர் தானும் கொஞ்சம் அசைந்து பேஸை உள்வாங்கும், கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். நம்ம கான்கிரீட் எதையும் விடாது. அங்கே 'நிறைவான பேஸ்' என்று எழுதப்பட்ட பெட்டி இங்கே வந்தால் இடி. ஆகவே ஒரு விமர்சனத்தைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது தீர்ப்பை அல்ல. அறையின் அளவு, சுவர் எதனால் ஆனது, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தார் என்பதைத்தான். அது இல்லாத விமர்சனம் பத்துப் பக்கம் இருந்தாலும் எனக்குப் பயன்படாது.

இந்த எழுத்து முறைக்கு ஒரு வரலாறு உண்டு. ஹை ஃபிடெலிட்டி பத்திரிகையில் வேலை பார்த்த ஜே. கார்டன் ஹோல்ட், அதிலிருந்து விலகி 1962-ல் ஸ்டீரியோஃபைல் பத்திரிகையைத் தொடங்கினார். மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் அச்சடித்தால் போதாது, வீட்டில் வைத்துக் கேட்டு எப்படி இருந்தது என்று எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. 1973-ல் தி அப்சல்யூட் சவுண்ட் பத்திரிகையைத் தொடங்கிய ஹாரி பியர்சன் ஒரு அளவுகோலையும் வைத்தார்: மைக் இல்லாமல், ஒரு நிஜமான இடத்தில் வாசிக்கப்படும் வாத்தியத்தின் ஒலி. கருவி அதற்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்று பார்.

எனக்கு இந்த அளவுகோல் பிடிக்கும். ஆனால் அந்த வாத்தியம் எது? அவர்களுக்கு ஆர்கெஸ்ட்ரா, பியானோ. காரைக்கால்காரனுக்கு மாங்கனித் திருவிழாத் தெருவில் பத்தடி தூரத்தில் நின்று கேட்ட நாகஸ்வரமும் தவிலும். நாகஸ்வரத்தில் மேல் அதிர்வெண்களின் வலு மிக அதிகம். உச்ச ஸ்தாயியைச் சற்றுத் தூக்கி வைத்த ஸ்பீக்கரில் மென்மையான ஜாஸ் பாட்டைப் போட்டால் 'நுணுக்கமெல்லாம் தெரிகிறது' என்று தோன்றும். அதிலேயே நாகஸ்வரத்தைப் போட்டால் காதில் ஊசி ஏறும். விமர்சகர் எதைப் போட்டுக் கேட்டார் என்ற பட்டியலையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சரி, அறையும் பாட்டும் ஒத்துப்போகிறது என்றே வைப்போம். காதை எவ்வளவு நம்பலாம்? ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 40 பேர், நாலு ஸ்பீக்கர். ஒருமுறை கண்ணால் பார்த்தபடியே கேட்டு மதிப்பெண் போட வேண்டும், இன்னொருமுறை திரைக்குப் பின்னால் வைத்து. பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை கூடிய பெட்டிகள் மேலே இருந்தன. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. கேட்டவர்கள் ஆடியோ நிறுவன ஊழியர்கள். விவரம் தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி.

இன்னொன்று அண்மையில் நடந்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் இசைத்தட்டுகள், மூல டேப்பிலிருந்து முழுக்க அனலாக் முறையிலேயே செய்யப்படுகின்றன என்று வாங்குவோர் நம்பினார்கள். நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருக்கிறது என்பது 2022 ஜூலையில் வெளியே வந்தது. டிஜிட்டல் என்றால் காதிலேயே கண்டுபிடிப்பேன் என்று எழுதியவர்கள் பலரும் அந்தத் தட்டுகளைப் பாராட்டியிருந்தார்கள். விஷயம் வழக்காகி 2.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தட்டுகள் கெட்டவை என்று சொல்ல வரவில்லை. நன்றாகவே இருந்தன. காதுக்குத் தெரியாத வித்தியாசத்துக்குத் தனியாகக் காசு போனது.

இன்னும் சின்ன விஷயம் ஒன்று. இரண்டு ஆம்ப்ளிஃபயரில் ஒன்று அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால், நமக்குச் 'சத்தம் அதிகம்' என்று தோன்றாது, 'இது நல்லா இருக்கு' என்றுதான் தோன்றும். ஒலியளவை மீட்டர் வைத்துச் சமன் செய்தேன் என்று விமர்சகர் எழுதாவிட்டால், இரண்டு ஆம்ப்ளிஃபயரை ஒப்பிட்டு அவர் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

மச்சான் கேட்டது நியாயமான கேள்வி: "அப்ப எல்லாருமே ஏன் நல்லா இருக்குங்கறாங்க?" விலைக்கு வாங்கி எழுதுகிறவர்கள் குறைவு. கம்பெனி இரவலாக அனுப்பும் பெட்டியைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். தனக்குப் பிடிக்கும் என்று தோன்றுவதைத்தான் ஒருவர் கேட்டு வாங்குவார். பிடிக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பிவிடலாம். லஞ்சம் எதுவும் வேண்டாம், இந்த வடிகட்டலே போதும், பாராட்டு மட்டுமே நம்மிடம் வந்து சேர.

கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதினார். பிறகு சுப்புடு வந்தார். அவர்களைப் படித்தவர்கள் தீர்ப்பை அப்படியே விழுங்கவில்லை. கச்சேரிக்குப் போயிருந்தவர்கள் சபாவிலேயே உட்கார்ந்து சண்டை போட்டார்கள். சுப்புடுவுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அதைக் கழித்துப் படித்தார்கள். ஆடியோ விமர்சகரையும் அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஹெட்போனைப் பற்றி அவர் என்ன எழுதினார் என்று பாருங்கள். உங்கள் காதுக்கும் அவர் காதுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும்.

ஸ்டீரியோஃபைலில் ஜான் அட்கின்சன் 1986-லிருந்து 2019 வரை ஆசிரியராக இருந்தார். அங்கே வர்ணனைக்குப் பின்னால் அளவீட்டு வரைபடங்கள் தனியாக வரும். சிலசமயம் மேலே ஒருவர் உருகி எழுதியிருப்பார், கீழே கோடு கோணலாக இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து அச்சடித்ததற்காகவே எனக்கு அந்தப் பத்திரிகை மேல் மரியாதை. நான் கீழேயிருந்து மேலே படிப்பேன்.

எந்த விமர்சனத்திலும் வராத சில விஷயங்கள் எங்கள் ஊருக்கு உண்டு. கடற்கரை கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் ஸ்பீக்கர் கம்பி மாட்டும் முனைகள் இரண்டே வருஷத்தில் பச்சை பூக்கின்றன. புயல் வந்தால் கரண்ட் போகும், வரும்போது எத்தனை வோல்ட்டில் வரும் என்று சொல்ல முடியாது. பழுதானால் சென்னைக்கு அனுப்ப வேண்டும், ஏறக்குறைய 300 கிலோமீட்டர். முப்பது கிலோ பெட்டியை பார்சலில் அனுப்பிப் பார்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

என் ஸ்பீக்கர் என்ன ஆனது? பின்பக்க ஓட்டையில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்தேன். பேஸ் குறைந்தது, பாட்டு நிமிர்ந்தது. பிறகு ஹாலுக்கு மாற்றினேன். இப்போது பரவாயில்லை.

மச்சானிடம் டேப்பைக் கொடுத்து அறையை அளக்கச் சொன்னேன். 14-க்கு 11. என் அறையைவிடத் தேவலாம். பன்னிரண்டு விமர்சனத்தில் அறை விவரமும் அளவீடும் இருந்தவை மூன்றுதான். அதிலிருந்து இரண்டு ஜோடி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தோம், இரண்டும் சின்னவை. வீட்டில் வைத்துக் கேட்கத் தருகிறேன் என்று சென்னையில் ஒரு கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார், முன்பணம் கட்டினால். "மீன் வாங்கறப்ப செவுளைத் தூக்கிப் பாக்காம வாங்குவீங்களா மச்சான்?" என்று கேட்டதற்கு, "மீன் நாலு லட்சம் இல்லையே மாப்ள, அதான் தைரியமா தூக்கிப் பாக்கறேன்" என்றார். வருகிற சனிக்கிழமை இரண்டு ஜோடியும் வருகின்றன. நாகஸ்வர ரிக்கார்டிங்கையும், ஜன்னலில் மாட்ட ஒரு பழைய வேட்டியையும் எடுத்து வைத்திருக்கிறேன். திரைக்கு.