பந்தயத் தடத்துக்கும் மழைச் சாலைக்கும் ஒரே டயர்

திறன் மிகுந்த காருக்கு டயர் வாங்குமுன் அது எந்தச் சாலையில் எத்தனை கிலோமீட்டர் ஓடப்போகிறது என்று கணக்குப் போட வேண்டும். இந்தியாவில் பெயர்பெற்ற பந்தயத் தடங்கள் என்றால் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே, டெல்லியை ஒட்டிய புத் சர்வதேசத் தடம் ஆகியவை. மும்பையை அடுத்த உல்லாஸ்நகரில் வசிப்பவருக்கு இவை மூன்றும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். ஒரு நாளில் 20 சுற்று ஓட்டினாலும் 75 கிலோமீட்டரைத் தொடாது. அங்கே போய்த் திரும்புவதற்கோ ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். கல்யாண்-ஷீல் சாலையின் குழிகள், புனே விரைவுச்சாலையின் கான்கிரீட், கண்டாலா மலைப்பாதை, பிறகு கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூரு, வேலூர் என்று நீளும் தேசிய நெடுஞ்சாலை 48. மும்பைத் தமிழர்கள் விடுமுறைக்கு ஊர் போகும் அதே சாலைதான் அந்தத் தடத்தின் பக்கமாகவும் போகிறது. எப்போதாவது ஒருமுறை தடத்தில் ஓடும் காருக்கான டயரை இந்தச் சாலைதான் முடிவு செய்ய வேண்டும்.

1,500 கிலோ எடையுள்ள காரில் ஒவ்வொரு சக்கரமும் சராசரியாக 375 கிலோவைத் தாங்குகிறது. 33 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒரு டயர் தரையில் பதியும் பரப்பு சுமார் 160 சதுர சென்டிமீட்டர் என்று வருகிறது. விரித்து வைத்த ஒரு கையளவு. வேகமெடுப்பதும் பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் இந்த இடத்துக்குள்தான் நடக்கின்றன. ஒரு வேலைக்குப் பிடிப்பு முழுவதும் செலவாகிவிட்டால் மற்றொன்றுக்கு மிச்சம் இருக்காது. 265 குதிரைத்திறனையும் முன்சக்கரங்களுக்கே அனுப்பும் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ போன்ற காரில், வளைவை முடிக்குமுன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முன்சக்கரம் சுழன்று கார் வெளிப்பக்கமாக நகர்வது இதனால்தான். பின்சக்கர இயக்கமுள்ள காரில் அதே தவறு பின்பகுதியைச் சுழற்றிவிடும். இதைவிடப் பெரிய சுமை பிரேக்கில் வருகிறது. மணிக்கு 180 கிலோமீட்டரில் ஓடும் காரின் இயக்க ஆற்றல், 100 கிலோமீட்டரில் உள்ளதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி பிரேக்கிலும் டயரிலும் வெப்பமாக மாறுகிறது.

அந்த வெப்பத்தை ரப்பர் எப்படித் தாங்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் டயர்கள் வகை பிரிகின்றன. குடும்பக் கார்களுக்கான டயர் நீண்ட ஆயுளையும் எரிபொருள் சிக்கனத்தையும் நோக்கிச் செய்யப்படுகிறது. தடத்தில் நான்கைந்து சுற்றிலேயே அதன் ரப்பர் சூடேறி வழுக்கத் தொடங்கும். அடுத்தது வேகக் கார்களுக்கான சாலை டயர். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்ஸா ஸ்போர்ட், பிரெல்லி பி ஸீரோ ஆகியவை இந்த வகை. அப்பல்லோ நிறுவனம் 2009இல் வாங்கிய வ்ரெடஸ்டைன் பிராண்டின் அல்ட்ராக் வோர்ட்டியும் இதில் சேரும். அதற்கும் மேலே யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09 போன்ற, பாதிக் கவனத்தைத் தடத்தின் மேல் வைத்துச் செய்த டயர்கள். உச்சியில் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2, பிரெல்லி ட்ரோஃபியோ ஆர் போன்றவை. சாலையில் ஓட்ட அனுமதி உண்டு, ஆனால் நீர்வடியும் பள்ளங்கள் குறைவு. பள்ளமே இல்லாத ஸ்லிக் டயர் பந்தயத்துக்கு மட்டும் உரியது.

இந்த வகைகளை ஓரளவு ஒப்பிட உதவும் எண், அமெரிக்க விதிப்படி டயரின் பக்கச்சுவரில் அச்சிடப்படும் தேய்மான மதிப்பு. ஒப்பீட்டு டயருக்கு 100 என்று வைத்து, டெக்சாஸில் 7,200 மைல் ஓட்டித் தேய்மானத்தை அளக்கிறார்கள். பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயருக்கு 300, நியோவா ஏடி09க்கு 200, கப் 2க்கு 180. எண் குறையக் குறையப் பிடிப்பு கூடும், ஆயுள் குறையும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் இந்த மதிப்பைத் தயாரிப்பாளர்களே சோதித்து அறிவிக்கிறார்கள் என்பதால், ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு அப்படியே ஒப்பிடுவது பிசகு. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை எடைபோட அது நன்றாகவே உதவும்.

மும்பை வட்டாரத்தில் வசிப்பவருக்கு இங்கே மழை குறுக்கே வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டாயிரம் மில்லிமீட்டருக்குக் குறையாமல் கொட்டும் ஊர்ப்பக்கம் இது. நீர் தேங்கிய சாலையில் டயர் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தை 1963இல் நாசா ஓர் ஆய்வறிக்கையில் சூத்திரமாகத் தந்தது. பி.எஸ்.ஐ. அளவின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை மைல் என்று கிடைக்கும். விமானச் சக்கரங்களை வைத்துக் கண்ட கணக்கு அது. பள்ளங்கள் வடித்துவிட முடியாத ஆழத்துக்கு நீர் நிற்கும்போது பொருந்தும். 33 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு விடை மணிக்கு சுமார் 96 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் கார் வழக்கமாகப் போகும் வேகமே அதுதான். அதே காற்றழுத்தத்தில் அந்த எல்லையைத் தள்ளிப்போடுவது பள்ளங்களின் ஆழமும் அமைப்பும்தான். அகலமான டயருக்கு வடிக்க வேண்டிய நீரும் அதிகம். ஆகவே கப் 2 போன்ற டயரோடு ஜூலை மாதம் கண்டாலா இறங்குவது, குதிரைத்திறன் எவ்வளவாக இருந்தாலும், அறிவான காரியம் ஆகாது. சட்டப்படி காருக்குக் குறைந்தபட்சப் பள்ள (டிரெட்) ஆழம் 1.6 மில்லிமீட்டர். இந்த மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்த டயரை ஜூனுக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

தடமோ நேர் எதிரான ஒன்றைக் கேட்கிறது. பள்ளம் ஆழமாக இருக்கும் புத்தம்புது டயரில் ரப்பர் கட்டைகள் உயரமாக நிற்கும். வளைவில் அவை வளைந்து நெளிந்து அதிகம் சூடாகும், ஓரங்கள் பிய்ந்து வரும். பாதி தேய்ந்த டயர் காய்ந்த தடத்தில் திடமாக நிற்கும். இந்த முரண்பாட்டைத் தீர்க்க நாட்காட்டியே வழிகாட்டுகிறது. மும்பையில் தென்மேற்குப் பருவமழை செப்டம்பரோடு ஓய்கிறது; சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. மே மாதம் புது டயர் போட்டால், இரு மழையையும் ஆழமான பள்ளத்தோடு கடந்து, ஜனவரியிலிருந்து மார்ச் வரை தடத்துக்கு ஏற்றபடி தேய்ந்த நிலைக்கு வந்துவிடும். அந்த மாதங்களில்தான் இருங்காட்டுக்கோட்டையில் வெயிலும் ஓரளவு தாங்கும்படி இருக்கும்.

வருடத்தில் ஓரிரு முறை மட்டும் தடத்துக்குப் போகிறவருக்கு தேய்மான மதிப்பு 300 அளவிலான சாலை டயர் ஒரே செட் போதும் என்பதே இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்து தரும் முடிவு. அதற்கு மேல் போகிறவர் தனியாக ஒரு செட் அலாய் வீலும் 200 அளவிலான டயரும் வைத்துக்கொள்வது மேல். தடத்தில் தேயும் டயரையும் மழையில் காக்க வேண்டிய டயரையும் பிரித்துவிட்டால் இரண்டுமே நன்றாக உழைக்கும். மும்பையிலிருந்து ஒவ்வொரு முறையும் நான்கு சக்கரங்களைச் சுமந்து போக முடியாது என்பது உண்மை. சென்னையில் உறவினர் வீடு இருந்தால், வெயில் படாத இடத்தில் அந்த செட்டை வைத்துவிட்டுத் தடத்துக்குப் போகும் நாளில் மாற்றிக்கொள்ளலாம்.

அளவு விஷயத்தில் பலர் பெரிய சக்கரத்தை நோக்கியே போகிறார்கள். அது அழகுக்காகச் செய்யப்படும் தவறு. 225/40 ஆர்18 92ஒய் என்ற குறியீட்டில் 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 40 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. இங்கே 90 மில்லிமீட்டர். 18 என்பது அங்குலத்தில் வீலின் விட்டம். 92 என்றால் ஒரு டயர் 630 கிலோ தாங்கும். ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை ஓடத் தகுதி. டபிள்யூ 270, வி 240. இந்த டயருக்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் 3 மில்லிமீட்டர் மட்டுமே குறையும், ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய மாறாது. பக்கச்சுவரோ 101 மில்லிமீட்டராக உயரும். குழியில் விழும்போது டயர் புடைப்பதும் அலாய் நெளிவதும் குறைய அந்த 11 மில்லிமீட்டர் கைகொடுக்கும். முன் பிரேக் காலிப்பர் 17 அங்குல வீலுக்குள் இடிக்காமல் அடங்குகிறதா என்பதை மட்டும் முதலில் பொருத்திப் பார்க்க வேண்டும். தாங்கு எண்ணையும் வேக எழுத்தையும் கார் நிறுவனம் சொன்னதற்குக் கீழே இறக்கவே கூடாது. நான்கு சக்கர இயக்கமுள்ள காரில் நான்கு டயரையும் ஒன்றாக மாற்றுவது முறை. சுற்றளவு வேறுபட்டால் சக்தியைப் பிரிக்கும் பாகங்கள் ஓயாமல் உராய்ந்து கெடும். இரண்டு மட்டும் மாற்ற நேர்ந்தால், முன்சக்கர இயக்கக் காரானாலும் புதியவை பின்னால்தான் போக வேண்டும். மழையில் முன்பக்கம் வழுக்குவதைப் பலரும் சமாளித்துவிடுவார்கள். பின்பக்கம் சுழன்றால் அது மிகவும் கடினம்.

ரன்ஃபிளாட் டயரோடு வரும் கார்களில் ஸ்டெப்னி இருக்காது. அந்த டயரின் கெட்டியான பக்கச்சுவர் பஞ்சரானாலும் சிறிது தூரம் ஓட உதவும். ஆனால் எடை அதிகம், குழிச்சாலையில் முரடாக இருக்கும். சாதாரண டயருக்கு மாறுகிறவர்கள் காற்றுப் பம்பும் பஞ்சர் கிட்டும் வண்டியில் வைத்திருக்க வேண்டும்.

கடையில் கிடைப்பதும் வரையறுக்கப்பட்டதுதான். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அதனால் வெளிநாட்டில் விற்கும் எல்லா அளவும் இங்கே வருவதில்லை, வந்த சரக்கு நீண்ட நாள் கிடங்கில் கிடக்கவும் கூடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பார்த்தே வாங்க வேண்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. முத்திரை இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் பழைய பந்தய டயரை நெடுஞ்சாலைக்கு மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

புது டயரை முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால், அச்சிலிருந்து பிரிய உதவிய பூச்சு தேய்ந்து பிடிப்பு வரும். தடத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது காற்றழுத்தம். டயருக்குள் வெப்பம் 6 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. கூடும். காலையில் 33 வைத்துக் கிளம்பிய டயர் 40 டிகிரி சூடேறினால் 39ஐத் தாண்டிவிடும். அப்போது டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் பதிந்து பிடிப்பு குறையும். ஆகவே சில சுற்று ஓடி வந்தவுடன் சூட்டிலேயே அளந்து, மிகுதியைச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு டயரின் தோள்பட்டையில் உள்ள சிறு முக்கோணக் குறிதான் அளவுகோல். தேய்மானம் அந்த முக்கோணத்தைத் தாண்டி பக்கச்சுவருக்குப் போனால் காற்று போதவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் கடிகாரச் சுற்றில் ஓடுவதால் இடது முன்டயர்தான் அதிகம் அடிபடும். அதை முதலில் பார்க்க வேண்டும். நல்ல பிரஷர் கேஜ் ஒன்றின் விலை, ஒரு டயரின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. விலையுயர்ந்த டயரை வாங்கிவிட்டு கேஜ் இல்லாமல் தடத்துக்கு வருகிறவர் அந்தப் பணத்தின் பலனைப் பெறுவதில்லை.

கார் காப்பீட்டு பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகள் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். தடத்தில் கார் மோதினால் செலவு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும் என்பதை எண்ணித்தான் தடத்தில் ஓட்டப் பதிவு செய்ய வேண்டும்.

தடத்தில் ஓடி முடித்த டயர் அதே பயணத்தில் 1,300 கிலோமீட்டர் நெடுஞ்சாலையைத் தாங்க வேண்டியிருக்கும். புறப்படுமுன் டயர் முற்றிலும் ஆறிய பிறகு அழுத்தத்தைக் கார் நிறுவனம் சொன்ன அளவுக்கு ஏற்றி, உள்பக்கத் தோள்பட்டையையும் பக்கச்சுவரையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். புடைப்போ வெட்டோ பிய்ந்த கட்டையோ தெரிந்தால், அந்த டயரைச் சென்னையிலேயே கழற்றிவிட்டு வேறு போட்டுக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.