பாறையில் பேர் இருக்கு, பட்டாவில் நம்ம பேர் இருக்கா?



சமீபத்தில் தொண்டூர்ப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்புப் பணம் எண்ணி, கடன் தவணை வாங்கி, தீர்மானம் எழுதி முடித்த நேரம். ஒரு அக்காவின் மகள் நோட்டோடு வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் 'எங்கள் ஊரின் வரலாறு' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். உட்கார்ந்திருந்தவங்க எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "வரலாறு எல்லாம் செஞ்சிக் கோட்டையில இருக்கு. நம்ம ஊர்ல என்ன இருக்கு? ஏரி இருக்கு, பாறை இருக்கு. அவ்வளவுதான்" என்றார் ஒரு பெரியம்மா.

அந்தப் பெரியம்மா சொன்ன இரண்டும்தான் வரலாறு. ஏரியும் பாறையும் என்ன சொல்லுகிறது என்று இந்த இதழில் பார்ப்போம். கடைசியில் நம்ம எல்லாருக்கும் ஒரு வேலையும் இருக்கு.

நம்ம மண்ணும் தண்ணியும்

தொண்டூர், செஞ்சிக்கு வடகிழக்குப் பக்கம் இருக்கிற விவசாய ஊர். சுற்றிப் பார்த்தால் குண்டு குண்டாகப் பாறை அடுக்கி வைத்த மாதிரி குன்றுகள். மழை பெய்தால் பாறைக்குள் தண்ணீர் இறங்காது. சரசரவென்று கீழே ஓடி வந்துவிடும். அப்படி ஓடுகிற தண்ணீரைக் கரை கட்டி நிறுத்தினால்தான் விவசாயம். அதனால்தான் நம்ம பகுதியில் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஏரிக்கரை கண்ணில் படுது. ஏரிக்குக் கீழே நஞ்சை, மேட்டில் புஞ்சை. நஞ்சையில் நெல், கரும்பு. மேட்டில் மல்லாட்டை, உளுந்து. இந்த ஏற்பாட்டை யாரும் ஆபீசில் உட்கார்ந்து போடவில்லை. தண்ணீர் ஓடுகிற வாட்டம் பார்த்து நம்ம முன்னோர்கள் அமைத்தது.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. தொண்டியாறு என்று ஒரு ஆறு இருக்கு. அது உற்பத்தியாகிறது தொண்டூர்ப் பக்கம்தான். அங்கிருந்து கிழக்கே போய், தெற்கே திரும்பி, வீடூரில் சங்கராபரணி ஆற்றோடு சேருது. சங்கராபரணியை வராக நதி என்றும், செஞ்சி ஆறு என்றும் சொல்லுவாங்க. இரண்டு ஆறும் சேருகிற இடத்தில் 1958-59-இல் வீடூர் அணை கட்டினார்கள். அந்த அணைத் தண்ணீரில் 3,200 ஏக்கர் பாசனம். அதில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டில், 1,000 ஏக்கர் புதுச்சேரியில். அப்புறம் ஆறு புதுச்சேரி வழியாகப் போய்க் கடலில் கலக்குது. நம்ம ஊர்ப் பாறையில் விழுந்த மழைத்துளி புதுச்சேரிக்காரர் வயலில் நெல்லாகுது என்றால், நம்ம ஊர் சின்ன ஊரா?

இந்தத் தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்பதையும் பார்த்தோம். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தபோது, நம்ம மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 செ.மீ. மழை கொட்டியது. வருஷத்தில் பெய்கிற மழையில் பாதி ஒரு நாளில் வந்த மாதிரி. அந்த மாதிரி நேரத்தில் வரத்து வாய்க்கால் தூர்ந்து கிடந்தாலோ, கலங்கல் அடைத்துக் கிடந்தாலோ தண்ணீர் வீட்டுக்குள்ளே வரும். மார்ச் மாதம் கிணறும் வற்றும். வெள்ளமும் வறட்சியும் ஒரே வாய்க்காலை விட்டுவிட்டதால் வருகிற இரண்டு கஷ்டம்.

பாறை சொல்லுகிற பேர்கள்

இப்போது பாறைக்கு வருவோம். தொண்டூர்க் குன்றில் பாறைக்கு அடியில் கற்படுக்கைகள் வெட்டியிருக்கு. இவை சமண முனிவர்கள் தங்குவதற்காகச் செய்தவை. அங்கே பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கு. தமிழ்-பிராமி என்று அதற்குப் பேர். கி.பி. 3-ஆம் நூற்றாண்டு என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது ஏறக்குறைய 1,700 வருஷத்துக்கு முந்தியது. அதன் பொருள் இதுதான்: இளங்காயிபன் என்பவர் சொல்ல, அகலூர் அறமாக, மோசி என்பவர் செய்து கொடுத்த இருக்கை இது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. செஞ்சிக் கோட்டை கட்டுவதற்குப் பல நூறு வருஷத்துக்கு முன்னாடியே அகலூர் என்ற பேர் எழுத்தில் இருக்கு. இன்றைக்கும் அது அகலூர்தான். நாம் சந்தைக்கும் கல்யாணத்துக்கும் போகிற பக்கத்து ஊர். அங்கே தமிழ்ச் சமணர்கள், நாம் நயினார் என்று சொல்லுகிறவர்கள், இன்றைக்கும் விவசாயம் செய்துகொண்டு வாழ்கிறார்கள்.

அடுத்து பல்லவர் காலம். தொண்டூரில் விண்ணாம்பாறை என்கிற பாறையில் பள்ளிகொண்ட பெருமாளைச் செதுக்கியிருக்கிறார்கள். கோயில் கட்டிச் சிலை வைக்காமல், இருக்கிற பாறையிலேயே சாமியைப் படுக்க வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சோழர் காலத்தில் இந்தப் பகுதிக்குச் சிங்கபுர நாடு என்று பேர். சிங்கவரம் என்ற ஊர்ப் பேரில் அது இன்னும் இருக்கு. அந்தக் காலத்துத் தொண்டூர்க் கல்வெட்டு ஒன்றில், விண்ணகோவரையன் வயிரி மலையன் என்ற தலைவர் இங்கே இருந்த சமணப் பள்ளிக்குக் கொடுத்த தானம் எழுதியிருக்கு. என்ன கொடுத்தார்? ஒரு ஊரையும், ஒரு தோட்டத்தையும், கிணறுகளையும் கொடுத்தார். கிணற்றைத் தனியாகச் சொல்லி எழுதியிருப்பதைக் கவனியுங்க. இன்றைக்கும் நம்ம பத்திரத்தில் 'கிணற்றில் நாலில் ஒரு பாகம்' என்று எழுதாமல் விட்டால் சண்டை வருதே, அதே கதைதான். இந்தப் பூமியில் தண்ணீர் இல்லாத நிலம் பாதி நிலம். அது அவர்களுக்கும் தெரிந்திருக்கு.

பெண் பேர் இல்லையா?

"எல்லாம் ஆம்பளை பேராவே இருக்கே" என்று நீங்கள் கேட்பது எங்களுக்குக் கேட்குது. நாங்களும் அதைத்தான் தேடினோம். நம்ம பகுதிக்கு வடக்கே, வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊர் இருக்கு. அங்கே உள்ள பாறைக் கல்வெட்டு சோழ மன்னன் முதலாம் ஆதித்தன் காலத்தது. வருஷம் சுமார் கி.பி. 885. அதில் கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியின் பேர் இருக்கு. குரத்தியார் என்றால் பெண் குரு. அவரிடம் 400 பெண் பிள்ளைகள் படித்தார்கள். வேறு 500 மாணவர்களுக்கும் இவர்களுக்கும் ஏதோ தகராறு வந்திருக்கு. அப்போது ஊர்க்காரர்கள், இந்தக் குரத்தியாரையும் இவருடைய 400 பெண்களையும் நாங்கள் காப்பாற்றுகிறோம், நாங்கள் சோறு போடுகிறோம் என்று உறுதி கொடுத்தார்கள். கொடுத்த வாக்கைப் பாறையில் வெட்டி வைத்தார்கள்.

வாய்ப் பேச்சாக விட்டிருந்தால் இன்றைக்கு யாருக்குத் தெரியும்? எழுதி வைத்ததால் 1,100 வருஷம் கழித்து நாம் படிக்கிறோம்.

ஆண்டவர்கள் மாறினார்கள்

செஞ்சிக் கோட்டையின் கதை நமக்குத் தெரியும். 1677-இல் சிவாஜி பிடித்தார். 1698-இல் முகலாயர் கைக்குப் போச்சு. 1714-இல் தேசிங்கு ராஜா சண்டையில் இறந்தார். 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அமைப்பு மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதில் செஞ்சியும் ஒன்று. மற்ற 11-ம் மகாராஷ்டிராவில் உள்ளவை. நமக்குப் பெருமைதான்.

ஆனால் கோட்டையில் கொடி மாறும்போதெல்லாம், கீழே ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவர்களும் களை எடுத்தவர்களும் மாறவில்லை. வரி வாங்குகிறவர் மட்டும்தான் மாறினார். ஆங்கிலேயர் காலத்தில் ரயத்துவாரி முறை வந்தது. ஒவ்வொரு வயலையும் அளந்து, நம்பர் போட்டு, யாரிடம் வரி வாங்குவது என்று பேர் எழுதினார்கள். இன்றைக்கு நாம் சொல்லுகிற சர்வே நம்பர், பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அப்போது குடும்பத்துக்கு ஒரு பேர் என்றால் ஆம்பளை பேர்தான் எழுதுவது வழக்கம். நட்டது அம்மா, பேர் அப்பாவுடையது.

இது நம்ம ஊரில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவின் நடுப்பகுதியில் பெரிய விவசாயப் பிரதேசம் இருக்கு. அங்கே ஊர்கள் நம்ம மாதிரி ஏரியைச் சுற்றி வளரவில்லை. 1785-இல் சட்டம் போட்டு, 6 மைலுக்கு 6 மைல் சதுரமாகக் கோடு கிழித்தார்கள். ஒவ்வொரு சதுரத்தையும் 36 பாகமாகப் பிரித்து, 16-ஆவது பாகத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார்கள். அங்கே முன்பே வாழ்ந்த பூர்வகுடி மக்களிடமிருந்து எடுத்த நிலம் அது. 1862-இல், வந்து குடியேறி 5 வருஷம் பாடுபட்டால் 160 ஏக்கர் சொந்தம் என்று இன்னொரு சட்டம் வந்தது. கல்யாணம் ஆகாத பெண்ணும் விதவையும் தன் பேரில் கேட்கலாம். ஆனால் புருஷனோடு வாழ்கிற மனைவி பொதுவாகத் தன் பேரில் கேட்க முடியாது. கடல் தாண்டியும் கதை இப்படித்தான்.

இப்போது சட்டம் என்ன சொல்லுது?

நம்ம மாநிலத்தில் 1989-இல் இரண்டு நல்ல காரியம் நடந்தது. ஒன்று, தருமபுரியில் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. இரண்டாவது, இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு திருத்தியது. 25-3-1989 அன்று கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்கு, பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாகப் பங்கு கிடைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசுச் சட்டம், கல்யாணம் ஆன மகளுக்கும் சேர்த்து அந்த உரிமையை நாடு முழுக்கக் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 20-12-2004-க்கு முன்னாடியே பாகப்பிரிவினை பதிவாகி முடிந்திருந்தால் அதை மாற்ற முடியாது. சமணக் குடும்பங்களுக்கும் இதே சட்டம்தான். கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்குத் தனிச் சட்டம் இருக்கு.

புருஷன் உயில் எழுதாமல் இறந்தால், அவர் பங்கில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவருடைய தாயாருக்கும் சமபங்கு. இதில் பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை. பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிவு செய்தால், 1-4-2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

சட்டம் இருக்கு. ஆனால் செஞ்சி கமிட்டிக்கு மூட்டை கொண்டு போகும்போது சீட்டு யார் பேரில் போடுகிறோம்? அந்தக் கூட்டத்திலேயே ஒரு அக்கா சொன்னார்: "வீட்டுக்காரர் போய் எட்டு வருஷம் ஆச்சு. பயிர் வைக்கிறது நான். பட்டா இன்னும் மாமனார் பேர்ல இருக்கு. கடன் கேட்கப் போனா, உன் பேர்ல என்னம்மா இருக்குன்னு கேக்குறாங்க." அந்த அக்காவுக்கு எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இந்த மாதம் செய்ய வேண்டியது

1. வீட்டில் பயிர் வைக்கிற நிலத்தின் சர்வே நம்பரைக் குறித்துக்கொண்டு, இ-சேவை மையத்தில் பட்டா நகல் எடுங்க. யார் பேர் இருக்கு என்று பாருங்க.

2. பட்டாதாரர் இறந்திருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் வாங்கி, பட்டா மாறுதலுக்கு மனு போடுங்க. வாரிசுச் சான்றில் பெண் பிள்ளைகள் பேர் விட்டுப் போயிருக்கா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்க.

3. பட்டா மட்டும் போதாது. பத்திரமும் வேணும். சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கச் சான்று எடுத்தால் நிலம் கைமாறியது தெரியும்.

4. அண்ணன் தம்பி 'சும்மா ஒரு கையெழுத்து' என்று கேட்டால், அது விடுதலைப் பத்திரமா என்று படித்துப் பார்த்துப் போடுங்க. உறவு வேணும்தான். விட்டுக் கொடுப்பதாக இருந்தாலும் தெரிந்து விட்டுக் கொடுங்க. படிக்கத் தெரியாதவங்க குழுவில் படித்தவங்களைக் கூட்டிப் போங்க.

5. மார்ச் 22 உலக தண்ணீர் தினக் கிராம சபையில் ஏரி வரத்து வாய்க்கால், கலங்கல் பற்றித் தீர்மானம் கேளுங்க. எழுத்து உள்ள பாறையை யாரும் சுரண்டவோ, பெயின்ட் அடிக்கவோ, உடைக்கவோ விடாதீங்க. உடைந்த கல்லில் ஜல்லி கிடைக்கும், மோசியின் பேர் திரும்பக் கிடைக்காது.

நோட்டோடு வந்த அந்தப் பாப்பா அன்றைக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டாள். முதல் வரியில் அகலூர், இளங்காயிபன், மோசி என்ற பேர்கள். கடைசி வரி எழுத அம்மாவிடம், "நம்ம நெலம் யார் பேர்லம்மா இருக்கு?" என்று கேட்டாள். அம்மாவுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் பட்டா நகலோடு வாங்க. அந்தக் கடைசி வரியை எல்லாரும் சேர்ந்து எழுதுவோம்.